பம்மலில் பெட்ரோல் வம்சம் வீழ்ந்த கதை

சரித்திரம் என்றால் கல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். பம்மல்காரர்களுக்கு அதில் சிரமமே இல்லை. 1863 மே 30ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற வெள்ளைக்கார நிலவியல் அதிகாரி, பக்கத்துப் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழிக்குள் குனிந்து, ஆதிமனிதன் செதுக்கிய கல்கோடரியை எடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அன்றைக்குத்தான் பிறந்தது என்று அறிஞர்கள் பூரிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு சந்தேகம்: ஏரியாவின் முதல் மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுச் சாமானைத் திரும்ப எடுக்க மறந்திருக்கிறார். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. 2002இல் வந்த ‘பம்மல் கே. சம்பந்தம்’ படத்தில் டாக்டராக வரும் சிம்ரன், கமலுக்கு ஆபரேஷன் செய்து வயிற்றுக்குள் கைக்கடிகாரத்தை விட்டுத் தைத்துவிடுவார். கதை எழுதியவர்கள் எங்கள் ஊர்ப் பட்டறை எதிலாவது வண்டியை விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் படத்தின் தலைப்புக்கு மூலவர் பம்மல் சம்பந்த முதலியார். பகலில் வக்கீல், பின்னால் நீதிபதி, பொழுது சாய்ந்தால் நாடகம். 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கியவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை எடுத்து, டென்மார்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அமலாதித்யனாக மேடையில் ஓட்டிக் காட்டினார். மக்பெத் மகபதி ஆனான். சேசிஸ் சீமை, இன்ஜின் உள்ளூர். ஆகவே பம்மலில் இன்ஜின் மாற்றுவது நேற்று முளைத்த தொழில் அல்ல. பத்மபூஷண் வாங்கிய தொழில்.

நான் சொல்லவந்தது அதைவிடச் சத்தமான சரித்திரம். பெட்ரோல் பிக்கப்பையும் ஜீப்பையும் பிரித்துப் போட்டு, உள்ளே டீசல் இன்ஜினை இறக்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் விட்ட காலம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பானிபட் யுத்தம் மூன்று தடவை வருகிறது. இதற்கு ஒரு வரி கிடையாது. பானிபட்டால் யாருக்கு என்ன மைலேஜ் கிடைத்தது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை.

மெட்ராஸில் முதலில் பட்டத்துக்கு வந்தது பெட்ரோல்கூட இல்லை, நீராவி. 1840இல் தொடங்கிய சிம்சன் கம்பெனி குதிரை வண்டி கட்டுவதில் பேர்போனது. அங்கிருந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் ஒரு நீராவிக் காரை இங்கேயே செய்து தெருவில் விட்டார். முதலில் மிரண்டவை குதிரைகளாகத்தான் இருக்கும். தங்களுக்கு வேலை போகப்போகிறது என்று யூனியன் இல்லாமலேயே அவற்றுக்குப் புரிந்திருக்கும். ஆனால் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திருந்து புறப்படுகிற பொறுமை நம் ஆட்களுக்குக் காப்பிக்குத்தான் உண்டு, வண்டிக்குக் கிடையாது. பெட்ரோல் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்கும் நிம்மதியில்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் முதலாளிகள் வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்பு உருளையைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, வருகிற வாயுவால் இன்ஜினை ஓட்டினார்கள். டி.வி.எஸ். நிறுவனம் இந்த ‘கேஸ் பிளான்ட்’டைத் தானே வடிவமைத்துச் செய்தது. கரி வாயுவில் இன்ஜினுக்குப் பாதித் தெம்புதான். மேடு வந்தால் டிக்கெட் வாங்கின ஜனமே இறங்கித் தள்ளும். ஆக, தொட்டியில் என்ன ஊற்றுவது என்பதை இன்ஜின் தீர்மானிப்பதில்லை, மளிகைக் கணக்குத்தான் தீர்மானிக்கிறது என்கிற ஞானம் நம் ஜனங்களுக்கு 1940களிலேயே வந்துவிட்டது. அடுத்த ஐம்பது வருஷமும் அந்த ஞானத்தின் விளைவுதான்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் ருடால்ஃப் டீசல் என்றொருவர். தீப்பொறியே இல்லாமல், காற்றை இறுக்கி நசுக்கினால் வருகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும் என்று 1897இல் ஓட்டிக் காட்டிவிட்டார். 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்று வேர்க்கடலை எண்ணெயில் ஓடியது. அந்த நேரத்தில் செங்கல்பட்டு ஜில்லாவில் மல்லாட்டை போட்டவர்களுக்கு யாரும் ஒரு தந்தி அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்குத் திண்டிவனம் மண்டிக்காரர்கள் சொந்த விமானத்தில் துபாய்க்குப் போய், அங்குள்ளவர்களுக்கு வேலை போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். டீசல் 1913இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போனவர், ராத்திரி அறைக்குப் போய்ப் படுக்காமலே காணாமல் போனார். கடன் கழுத்தை நெரித்தது என்கிறார்கள். கண்டுபிடித்தவருக்கே கட்டுப்படியாகாத இன்ஜினைத்தான் பின்னால் நாம் சிக்கனத்துக்காகத் தேடினோம்.

போர் முடிந்ததும் ராணுவம் விட்டுப்போன ஜீப்பும் லாரியும் ஏலத்துக்கு வந்தன. ‘டிஸ்போசல் வண்டி’ என்று பேர். பெரும்பாலும் பெட்ரோல். ராணுவம் ஓட்டியபோது கணக்குக் கேட்க ஆளில்லை. ஏலத்தில் எடுத்தவருக்கு வீட்டில் கேட்க ஆள் இருந்தது. அந்த நேரத்துக்குச் சரியாக வந்து நின்றது பெர்கின்ஸ் பி6. பீட்டர்பரோவில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932இல் கம்பெனி தொடங்கி, 1937இல் வெளியிட்ட ஆறு சிலிண்டர் டீசல். பெட்ரோல் லாரியில் பழையதைத் தூக்கிவிட்டு இதை இறக்கிக்கொள்ளலாம் என்பதே அதன் பெரிய விற்பனைச் சூத்திரம். 1950களில் அனந்தராமகிருஷ்ணனின் சிம்சன் அதைச் செம்பியத்திலேயே செய்ய ஆரம்பித்தது. நீராவிக் கார் செய்த அதே சிம்சன்தான். கட்சி மாறுவதில் நம் அரசியல்வாதிகளுக்கு இவர்களே முன்னோடி.

எண்ணூரில் இன்னும் வேடிக்கை. 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது ஆஸ்டின் ஏ40 என்கிற பெட்ரோல் காரைப் பூட்டி விற்க. கொஞ்ச நாளில் லேலண்ட் டீசல் லாரி பக்கம் சாய்ந்து, 1955இல் பெயரையே அசோக் லேலண்ட் என்று மாற்றிக்கொண்டது. வண்டிக்கு இன்ஜின் மாற்றுவார்கள், இங்கே கம்பெனிக்கே மாற்றிவிட்டார்கள்.

லாரிகள் இப்படிக் கரையேறின. சின்ன வண்டிகள்தான் பெட்ரோலிலேயே மாட்டிக்கொண்டன. மஹிந்திரா 1965இல் கொண்டுவந்த எஃப்சி 150 பிக்கப் இந்தக் கதையின் நாயகன். முகம் தட்டை, மூக்கு கிடையாது. டிரைவர் கிட்டத்தட்ட இன்ஜின் மேலேயே உட்கார்ந்து வேகவேண்டும். உள்ளே இருப்பது ஜீப்பின் ஹரிகேன் இன்ஜின், சுமார் 2.2 லிட்டர் பெட்ரோல். குடிப்பதில் மட்டும் பெயருக்குப் பங்கம் வராமல் நடந்துகொண்டது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் குழாயைத் திருகின. பீப்பாய் மூன்று டாலர் சில்லறைக்கு விற்ற கச்சா எண்ணெய், அடுத்த சில மாதத்தில் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. டெல்லியில் உட்கார்ந்து யோசித்தார்கள். பெட்ரோல் பணக்காரன் காருக்கு, டீசல் விவசாயி பம்புசெட்டுக்கும் லாரிக்கும் என்று பிரித்து, வரியை அங்கே ஏற்றி, சலுகையை இங்கே வைத்தார்கள். உத்தரவு பம்மலுக்கு வந்து சேர்ந்தபோது, நாகல்கேணிப் பக்கம் தோல் ஏற்றுகிறவர், பல்லாவரம் மலையடியில் ஜல்லி ஏற்றுகிறவர், குன்றத்தூர் ரோட்டில் செங்கல் ஏற்றுகிறவர் எல்லாருமே ஒரே ராத்திரியில் மனத்தளவில் விவசாயி ஆகிவிட்டார்கள். நிலம் இல்லை, நெல் இல்லை. டீசல் இன்ஜின் மட்டும் போதும்.

கம்பெனி டீசல் வண்டி கொடுக்கட்டும் என்று காத்திருக்கலாம்தான். மஹிந்திரா பியூஜோவின் எக்ஸ்டிபி டீசல் இன்ஜினுக்கு லைசென்ஸ் எடுத்தது 1979இல். அம்பாசடர் ஏறத்தாழ அதே காலத்தில் 37 குதிரைசக்தி டீசலை மாட்டிக்கொண்டு, நாட்டின் முதல் டீசல் கார் என்று பேர் வாங்கியது. ஏழு பேரும் டிக்கி நிறைய பலாப்பழமுமாக மலையேறுகிற வண்டிக்கு 37 குதிரை. அந்தக் குதிரைகளுக்காக யாராவது ஒரு நினைவுத்தூண் எழுப்ப வேண்டும். ஆனால் அதெல்லாம் புது வண்டி வாங்க வசதி உள்ளவர்கள் பேச்சு. பழைய பிக்கப் வைத்திருந்த முதலாளி என்ன செய்வார்? பட்டறைக்குப் போவார்.

“பாய், இந்த வண்டி டீசல் தாங்குமா?”

“ஏன் மொதலாளி தாங்காது? வெள்ளைக்காரன் போட்ட சேசிஸ்.”

“அது சரி, நல்லா ஓடுமா?”

“ஓடுறதப் பத்திக் கவலையே படாதீங்க. நிக்கறதுக்குத்தான் பிரேக்குல கொஞ்சம் வேலை இருக்கு.”

இவ்வளவுதான் திட்ட அறிக்கை. இன்ஜினுக்குப் புதுப்பேட்டை. அடிபட்ட மெட்டடோர் வேனிலிருந்தோ, காலாவதியான டிராக்டரிலிருந்தோ ஒன்று கிடைக்கும். ‘ஒரே ஓனர் ஓட்டினது’ என்பார்கள். அந்த ஓனர் இப்போது எங்கே என்று கேட்கக் கூடாது. மூன்று மரக்கம்பை முக்காலியாகக் கட்டி, செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, பெட்ரோல் இன்ஜினைத் தூக்கி ஓரமாக இறக்குவார்கள். அப்போது வண்டியின் முன்பக்கம் ஒரு முழம் மேலே எழும். முதலாளி முகத்தில் ஒரு கலக்கம் வரும். அதைப் பார்த்தவுடன் மீதி அட்வான்ஸைக் கேட்டுவிட வேண்டும் என்பது தொழில் ரகசியம்.

இனிதான் யுத்தம். பெட்ரோல் கியர்பாக்ஸின் போல்ட் ஓட்டையும் டீசல் இன்ஜினின் போல்ட் ஓட்டையும் ஜென்மத்துக்கும் ஒத்துப்போகாது. நடுவில் ஒரு கனமான இரும்புத் தட்டு, அடாப்டர் பிளேட், லேத்தில் கடைந்து போட வேண்டும். அதன் மையம் கிராங்க் ஷாஃப்டின் மையத்தோடு துல்லியமாக நிற்க வேண்டும். தலைமுடி அளவு தப்பினாலும் கியர்பாக்ஸ் பேரிங் ஊளையிடும், கிளட்ச் பிளேட் தேயும். ஆனால் எங்கள் லேத் பட்டறைகளின் அளவுமுறை அங்குலமும் நூலும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. “அரை நூல்தான் சார், ஓட ஓடச் சரியாயிடும்” என்று சொல்லிக் கொடுத்த பிளேட்டுகளால் குரோம்பேட்டை வரைக்கும் பேரிங் வியாபாரிகள் மாடி வீடு கட்டினார்கள்.

தட்டு முடிந்தால் அடுத்தது ஆயில் சம்ப். அது போய் முன் ஆக்சிலில் இடிக்கும். இடித்தால் என்ன, சம்பை வெட்டிக் குறுக்கி வெல்டு வைத்துவிடலாம். வெட்டினால் ஆயில் குறையும். குறைந்தால் அடிக்கடி ஊற்றலாம். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. டீசலின் கனத்துக்கு முன் பட்டையில் இரண்டு இலை கூட்டு. ரேடியேட்டர் போதாதா, லாரி ரேடியேட்டரைப் போடு. பானெட் மூடவில்லையா, மூடாதே.

பெட்ரோல் இன்ஜின் காற்றை ஏழில் ஒரு பங்காக இறுக்கினால் போதும். சின்ன டீசல் இன்ஜின் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறுக்க வேண்டும். அந்த இறுக்கத்தை மீறிச் சுற்ற ஜீப்பின் பழைய பேட்டரிக்குத் தெம்பு ஏது? மார்கழிக் காலையில் சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு விக்கல், பிறகு மௌனம். சீட்டுக்கு அடியில் லாரி பேட்டரி வந்தது. டிரைவர் கீழே இன்ஜின் சூடும் பின்னால் ஆசிட் வாசனையுமாக உட்கார்ந்து பெருமையோடு ஓட்டினார்.

கியர் கணக்கு இன்னும் ரசமானது. பெட்ரோல் இன்ஜின் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றில் பாடும் என்று நினைத்து, ஜீப்பின் பின் ஆக்சிலில் 5.38க்கு ஒன்று என்று கிரவுன் பினியன் வைத்திருந்தார்கள். இந்த டீசலோ அவ்வளவு சுற்றாது. விளைவு, டாப் கியரிலேயே வண்டி அலறும், வேகமுள் ஐம்பதைத் தாண்டாது. மீனம்பாக்கத்தில் விமானம் ஏற வேண்டியவர் பெட்டியோடு இறங்கி ஓடியே முந்திவிடலாம். விவரம் தெரிந்த மேஸ்திரி கிரவுன் பினியனையும் சேர்த்து மாற்றுவார். தெரியாதவர் “மெதுவாப் போனாத்தான் மைலேஜ்” என்று தத்துவம் சொல்வார். கடைசியில் மைலேஜ் கூடியது டீசலாலா, மெதுவாகப் போனதாலா என்று ஆராய யாருக்கும் தோன்றவில்லை. கூடியது, அதுதான் முக்கியம்.

மழை வந்த அன்றைக்குத்தான் அடுத்த குட்டு உடைந்தது. பழைய ஜீப்பின் வைப்பர், பெட்ரோல் இன்ஜின் மூச்சை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில் ஓடுவது. டீசல் இன்ஜின் பெரும்பாலும் தொண்டையை அடைக்காமல் காற்றைத் தாராளமாக விழுங்குகிற ஜாதி. வெற்றிடம் கிடையாது, வைப்பரும் கிடையாது. கிளீனர் பையன் ஓடுபலகையில் தொத்திக்கொண்டு, கண்ணாடியில் புகையிலையைத் தேய்த்துவிடுவான். தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் வழிந்து ஓடிவிடும். இது கிண்டலில்லை, உண்மையாகவே வேலை செய்யும் வித்தை.

நிறுத்துவது தனிக்கலை. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் தீப்பொறி நிற்கும், இன்ஜின் நிற்கும். டீசலுக்குத் தீப்பொறியே தேவையில்லையே, சாவியை அது எதற்கு மதிக்கப்போகிறது? பம்பில் எண்ணெயை அடைக்க ஒரு ஸ்டாப் வயரை இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போன முதலாளிகள் உண்டு. வாசலில் வண்டி சாவியில்லாமலே தடதடவென்று நின்று ஆடிக்கொண்டிருக்கும். தெருப் பெரியவர்கள் எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொல்வார்கள். வயர் அறுந்துவிட்டாலோ, பிரேக்கை மிதித்து டாப் கியரைப் போட்டு கிளட்சை விட்டு, வண்டியை மூச்சடைக்க வைத்துத்தான் நிறுத்த முடியும். டீசல் தீர்ந்துபோனால் அதைவிட மோசம். பெட்ரோல் என்றால் ஊற்றிக்கொண்டு கிளம்பலாம். இதில் குழாயெல்லாம் ஏர் பிடித்துக்கொள்ளும். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடி அடி என்று அடித்து, நுரை போய்ச் சுத்தமான டீசல் வழியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் ஏற்றிவந்த மீன் கருவாடாகிவிடும்.

இவ்வளவும் தாண்டி வண்டி எஃப்சிக்குப் போயாக வேண்டும். ஆர்சி புக்கில் ‘பெட்ரோல்’ என்றே இருக்கும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, வண்டியில் செய்த மாற்றத்தைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கச் சொன்னது. பதினான்கு நாளில் பட்டறையிலிருந்து வண்டியே வெளியே வராது என்பதைச் சட்டம் எழுதியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒழுங்காக இன்ஜின் பில்லைக் காட்டிப் பதிவை மாற்றியவர்கள் இருந்தார்கள். மற்றவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். குரோம்பேட்டை வரை கேட்கும் சத்தம், கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வருகிற ஒரு லாரி மூன்றாகத் தெரிகிற அளவுக்கு நடுக்கம்.

“பெட்ரோல் வண்டியாய்யா?”

“ஆமா சார்.”

“அந்தப் புகை?”

“தோல் கம்பெனிப் பக்கமிருந்து வருது சார்.”

பட்டறைக்காரரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர் வரை போய்வர வேண்டும். அங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்றொரு காரை விட்டது. உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. ஐரோப்பாவில் 1977இன் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய உடம்பு. அங்கே அதற்குள் இருந்தது மூன்றரை லிட்டர் வி8. இங்கே என்ன போட்டார்கள்? பழைய வான்கார்ட் காரின் வழிவந்த 1991 சிசி பெட்ரோல் இன்ஜின். வான்கார்ட் இன்ஜினோ ஃபெர்குசன் டிராக்டரிலும் இருந்த குடும்பம். ராஜா வேஷம் கட்டி, தலையில் கிரீடமும் வைத்து, உள்ளே ஏர் ஓட்டுகிறவரை உட்காரவைத்துவிட்டார்கள். புதுப்பேட்டைக்குப் போகாமல், முக்காலி கட்டாமல், அரசாங்க லைசென்ஸோடு நடந்த இன்ஜின் மாற்றம் அது. கார் தாகத்தில் வாங்கியவர்களின் சொத்தைக் கரைத்தது. 1988இல் உற்பத்தி நின்றது. பிற்பாடு அதற்கும் டீசல் இன்ஜின் மாட்டி ஓட்டியவர்கள் உண்டு. நியாயமாகப் பார்த்தால் அது தாய்வீட்டுக்குத் திரும்பினதுதான். 1954இலேயே வான்கார்டுக்கு டீசல் போட்டு, பிரிட்டனின் முதல் டீசல் கார் என்று அந்தக் குடும்பத்தார் விற்றிருக்கிறார்கள்.

டீசல் சாம்ராஜ்யம் சரிந்ததும் ஒரு உத்தரவில்தான். 2010 ஜூனில் பெட்ரோல் விலையை அரசு அவிழ்த்துவிட்டது. 2014 அக்டோபரில் டீசலையும் அவிழ்த்தது. இரண்டு விலையும் நெருங்க நெருங்க, பம்மலில் விவசாயிகள் மறுபடி ஜல்லி வியாபாரிகள் ஆனார்கள். இப்போது யாராவது பெட்ரோல் வண்டிக்கு டீசல் போடலாமா என்று கேட்டால், பட்டறையில் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரிக்கிறார்கள்.

ஆனால் பழைய ஜீப் பைத்தியம் பிடித்த ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பெரும்பாலும் ஓ.எம்.ஆர். கம்ப்யூட்டர் சம்பளம். தாத்தா வண்டியை ‘ஒரிஜினல்’ ஆக்க வேண்டுமாம். டீசலைக் கழற்றிவிட்டு அதே ஹரிகேன் பெட்ரோல் இன்ஜினைப் போட வேண்டுமாம். அன்றைக்குக் கிலோக் கணக்கில் இரும்புக்குப் போட்ட சாமானை இன்றைக்குப் பட்டறை பட்டறையாகத் தேடுகிறார்கள். பழைய மேஸ்திரியின் மகன் நடத்தும் பட்டறைக்கும் வந்து நிற்கிறார்கள்.

“அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு இருக்குன்னாங்க.”

“இருக்கு தம்பி. எங்க வாப்பா கழட்டினது. பின்னாடி தண்ணித் தொட்டி சாயாம அதைத்தான் முட்டுக் குடுத்து வெச்சிருக்கோம்.”

“என்ன விலைண்ணே?”

“இன்ஜினை எடுத்தா தொட்டி விழுந்துடும். தொட்டிக்கும் சேர்த்துத்தான் சொல்லணும்.”